உறைபனி வேங்கையின் வாக்குமூலம்

ஜெயகாந்த்: ...மறுக்கவே வேணாம்மா. "ஆமா, நான்தான் ஓட்டினேன், ஜனவரி ஆறாம் தேதி, மைனஸ் பன்னெண்டுல பைக் ஓட்டினேன்"னு கம்பீரமா எழுதுங்க. கீழ நான் கையெழுத்துப் போட்டுடறேன்.

அன்ரனிற்றா: கொஞ்சம் மெல்லக் கதையுங்கோ ஜெயகாந்த் அண்ணா. பேக்கரி முழுக்கக் கேக்குது. முதல்ல இந்தப் பொலிஸ் கடிதத்தை வடிவா வாசிக்க விடுங்கோ. எனக்கு ஒரு மணிக்குத் திரும்ப ஒஃபீசுக்குப் போகவேணும்.

ஜெயகாந்த்: வக்கீல் ஆபீஸ்ல வேலை பாக்கறவங்க, உங்களுக்கு இதெல்லாம் ரெண்டு நிமிஷ வேலை. நான் டிரான்ஸ்லேட்டர்ல போட்டுப் பாத்துட்டேன்.

அன்ரனிற்றா: பாத்து என்ன விளங்கினது?

ஜெயகாந்த்: பைக் நம்பர் பிளேட்ல ஓரமா ரெண்டு நம்பர் இருக்கு. மேல நாலு, கீழ பத்து. அது வண்டி செஞ்ச மாசமும் வருஷமும்னு நினைச்சேன். "ரெண்டாயிரத்துப் பத்து, ஏப்ரல் மாடல்"னு நம்ம தமிழ் மன்றத்துல பெருமையா வேற சொல்லி வெச்சிருக்கேன்.

அன்ரனிற்றா: அது சீசன் பிளேட் அண்ணா. நாலாம் மாசத்தில இருந்து பத்தாம் மாசம் வரைக்கும்தான் றோட்டில ஓடலாம். மிச்ச அஞ்சு மாசமும் வண்டிக்கு லீவு. நான் வளந்த கெல்சென்கிர்ச்சன் ஊரில எங்கட தெருவில சின்னப் பிள்ளையளுக்கும் தெரிஞ்ச விஷயம்.

ஜெயகாந்த்: லைப்சிக்ல ஐ.டி. மேனேஜருக்குத் தெரியலையே... சரி விடுங்க. இப்போ எவனோ என் போட்டோவை போலீசுக்கு அனுப்பி, "பாருங்க, ஜனவரியில ஓட்டறான்"னு போட்டுக் குடுத்திருக்கான். அவ்வளவுதானே? சின்ன அபராதம். கட்டிட்டாப் போச்சு.

அன்ரனிற்றா: உங்களைப் பாத்தால் அபராதம் வந்த ஆள் மாதிரித் தெரியேல்லை. பரிசு விழுந்த ஆள் மாதிரி இருக்கிறியள்.

ஜெயகாந்த்: பரிசுதாம்மா. யோசிச்சுப் பாருங்க... ஜெர்மன் அரசாங்கமே சீல் வெச்சுச் சொல்லுது, "ஜெயகாந்த் என்பவர் உறைபனியில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்"னு. இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்? பிரேம் போட்டு ஹால்ல மாட்டப்போறேன். அந்த நவநீத் இருக்கானே... நான் போட்டோ போட்டதும் மன்றத்து வாட்ஸ்அப் குரூப்ல என்ன எழுதினான் தெரியுமா? "க்ளவுஸ்ல இன்னும் விலைச் சீட்டு தொங்குதே ஜீ"ன்னு.

அன்ரனிற்றா: தொங்கினதோ?

ஜெயகாந்த்: ...அது இப்போ முக்கியமில்ல.

அன்ரனிற்றா: பொங்கல் விழாவில பொன்னாடை போத்தினது இந்தப் படத்துக்குத்தானே?

ஜெயகாந்த்: ஆமா. "உறைபனி வேங்கை"ன்னு மன்றத்துப் புஷ்பா மேடம் மைக்ல சொன்னப்போ உடம்பெல்லாம் சிலிர்த்துச்சு. ஹால்ல ஹீட்டர் வேலை செய்யலைங்கறது வேற விஷயம்.

அன்ரனிற்றா: வாற சனிக்கிழமை மோட்டச்சைக்கிள் ஓட்டத்தையும் அண்டைக்குத்தான் அறிவிச்சவையாம்.

ஜெயகாந்த்: அறிவிச்சது அவங்க. நான் பொன்னாடையோட சும்மா நின்னுட்டிருந்தேன். லைப்சிக்ல இருந்து ஹாலே நகரம் வரைக்கும். அங்க ஆவணக் காப்பகத்துல முன்னூறு வருஷத்துக்கு முந்தின தமிழ்க் கடிதமெல்லாம் இருக்கு இல்லையா, அதுக்கு "இருசக்கர மரியாதை". முன்னாடி நான் பைக்ல. பின்னாடி பதினோரு கார்ல குடும்பங்க, ஹீட்டரைப் போட்டுக்கிட்டு.

அன்ரனிற்றா: அந்தக் கடிதங்கள் கேட்டதாமோ?

ஜெயகாந்த்: எதை?

அன்ரனிற்றா: மரியாதையை.

ஜெயகாந்த்: கிண்டல் பண்ணாதீங்க. எப்படியோ, இப்போ அந்த ரைடு கேன்சல். என்ன பண்றது... வேங்கையா இருந்தாலும் சட்டத்தை மதிக்கணும். எனக்கும் வருத்தம்தான்.

அன்ரனிற்றா: முகத்தில வருத்தம் ஒண்டும் தெரியேல்லையே.

ஜெயகாந்த்: உள்ளுக்குள்ள இருக்கும்மா.

அன்ரனிற்றா: சரி. அண்டைக்கு எந்த வழியால ஓடினனீங்கள் எண்டு கேட்டிருக்கிறாங்கள். சொல்லுங்கோ, எழுதுறன்.

ஜெயகாந்த்: எழுதிக்கோங்க. காலையில ஆறு மணி. ஊரே போர்வைக்குள்ள கிடக்கு. நான் மட்டும் எழுந்து ஜாக்கெட்டை மாட்டினேன். வெளியில வந்தா, விட்ட மூச்சு மூக்கு நுனியிலயே உறையுது. சாவியைத் திருகினேன்... எஞ்சின் ஒரு உறுமல் உறுமிச்சு பாருங்க. அப்படியே கிளம்பிட்டேன். கண்ணாடியில பனி, தாடியில பனி. எதிர்ல ஒரு ஈ காக்கா இல்ல. நாப்பது கிலோமீட்டர்.

அன்ரனிற்றா: குரூப்பில அறுவது எண்டு போட்டிருந்தியள்.

ஜெயகாந்த்: அது... ரிட்டனோட.

அன்ரனிற்றா: அப்ப எண்பதெல்லோ வரவேணும்?

ஜெயகாந்த்: வரும்போது குறுக்கு வழியில வந்தேன்.

அன்ரனிற்றா: நல்ல வழிதான். ரெண்டாம் பக்கம் வாசிச்சனீங்களோ அண்ணா?

ஜெயகாந்த்: இல்ல. முதல் பக்கத்தோட டிரான்ஸ்லேட்டர்ல இலவசமா குடுக்கறது முடிஞ்சுபோச்சு.

அன்ரனிற்றா: ஓடினதை ஒத்துக்கொண்டால், மோட்டச்சைக்கிள் லைசென்சின்ர முன்பக்கம் பின்பக்கம் ரெண்டையும் கொப்பி எடுத்துச் சேர்த்து அனுப்பட்டாம்.

ஜெயகாந்த்: காபி ஆறிடுச்சு.

அன்ரனிற்றா: லைசென்சைத் தாங்கோ. ஒஃபீசில கொப்பி அடிச்சுத் தாறன்.

ஜெயகாந்த்: லைசென்ஸ் இருக்கும்மா. இல்லாம இருக்குமா? இந்தா...

அன்ரனிற்றா: இது கார் ஓடுற லைசென்ஸ். மோட்டச்சைக்கிளுக்கான இடத்தில கோடு போட்டிருக்கு.

ஜெயகாந்த்: லேசான கோடுதானே.

அன்ரனிற்றா: அண்ணா, பகிடி விடாதேங்கோ. சீசன் பிளேட்டோட ஓடினது சின்னப் பிழை. லைசென்ஸ் இல்லாமல் ஓடினால் அது குற்றம். வழக்குப் போடுவாங்கள். உங்கட சிட்டிசன்ஷிப் டெர்மின் எப்ப?

ஜெயகாந்த்: அடுத்த மாசம் மூணாம் தேதி. கையில பத்திரம் குடுக்கற நாள். எட்டு வருஷம் அலைஞ்சு வாங்கின தேதிம்மா அது. என் பொண்டாட்டி நிருபமா அன்னைக்குக் கட்டறதுக்குப் புடவைகூட எடுத்து வெச்சுட்டா.

அன்ரனிற்றா: வழக்கு எண்டு ஒண்டு தொடங்கினால், அது முடியுமட்டும் பத்திரம் குடுக்கமாட்டாங்கள். வருஷக் கணக்கில இழுக்கும். தண்டனை பெரிசாப் போனால் பேந்து பத்திரத்தைப் பற்றி யோசிக்கவே தேவையில்லை.

ஜெயகாந்த்: ஐயையோ... அப்போ ஓட்டலைன்னு எழுதினா?

அன்ரனிற்றா: ஓடினனீங்கள்தானே. காலையில ஆறு மணி, ஈ காக்கா இல்லை...

ஜெயகாந்த்: அது ஒரு... இலக்கிய நயம்.

அன்ரனிற்றா: இப்ப உங்களுக்கு ரெண்டு வழிதான். வேங்கையோ, பாஸ்போட்டோ?

ஜெயகாந்த்: ரெண்டும் கிடைக்கற மாதிரி எழுத முடியாதா?

அன்ரனிற்றா: ஏலாது.

ஜெயகாந்த்: ...பாஸ்போர்ட்.

அன்ரனிற்றா: அப்ப உண்மையைச் சொல்லுங்கோ. நான் முதல் தமிழில எழுதி வாசிக்கிறன். சரியெண்டால் ஜெர்மனில மாத்தித் தாறன். வண்டி எங்க நிண்டது?

ஜெயகாந்த்: எங்க அபார்ட்மென்ட் அண்டர்கிரவுண்ட் பார்க்கிங்ல. அக்டோபர் கடைசியில வாங்கினதுல இருந்து அங்கதான். வித்தவரே வேன்ல கொண்டுவந்து இறக்கிட்டுப் போனார். வசந்தத்துல லைசென்ஸ் எடுத்துட்டு ஓட்டலாம்னு நினைச்சேன். சத்தியமா.

அன்ரனிற்றா: எழுதுறன்... "ஜனவரி ஆறாம் திகதி காலை, ஜெயகாந்த் தமது மோட்டார் சைக்கிளை நிலத்தடித் தரிப்பிடத்திலிருந்து மேலே முற்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்." சரியே?

ஜெயகாந்த்: "தள்ளிக்கொண்டு வந்தனர்"னு போடுங்க. பக்கத்து வீட்டு ஊவேயும் தள்ளினார். அந்த ஏத்தத்துல ஒருத்தனால முடியாது.

அன்ரனிற்றா: ஊவேக்கு எத்தினை வயசு?

ஜெயகாந்த்: எழுபத்தி மூணு.

அன்ரனிற்றா: எழுபத்திமூண்டு வயசு ஆளையோ தள்ள விட்டனீங்கள்?

ஜெயகாந்த்: பெரும்பாலும் அவர்தான் தள்ளினார். நான் ஹேண்டில்பாரைப் பாத்துக்கிட்டேன்.

அன்ரனிற்றா: "அந்த முற்றம் குடியிருப்புக்குச் சொந்தமானது. அது பொது வீதி அன்று." இதுதான் உங்களைக் காப்பாத்தப்போற வரி, மறந்துபோகாதேங்கோ. எஞ்சினை ஸ்டாட் பண்ணினனீங்களோ?

ஜெயகாந்த்: முடியாதும்மா. பேட்டரி ஊவே வீட்டு அலமாரியில இருந்துச்சு. குளிர்ல கெட்டுடும்னு நவம்பர்லயே கழட்டி எடுத்துட்டுப் போயிட்டார்.

அன்ரனிற்றா: அப்ப அந்த உறுமல்?

ஜெயகாந்த்: தள்ளும்போது ஊவேக்கு இருமல் வந்துச்சு.

அன்ரனிற்றா: "வண்டியில் மின்கலம் இருக்கவில்லை. ஆகையால் அது இயங்கும் நிலையில் இருக்கவில்லை." நல்லது. வெப்பமானி ஒண்டின்ர படமும் போட்டிருந்தனீங்கள். அதில மைனஸ் பதினெட்டு. உங்கட எழுத்தில மைனஸ் பன்னிரண்டு.

ஜெயகாந்த்: காத்தோட சேத்தா பதினெட்டு வரும்.

அன்ரனிற்றா: ஃபிரீசருக்குள்ளயும் பதினெட்டுத்தான் இருக்கும் அண்ணா. படத்தின்ர ஓரத்தில முருங்கைக்காய்ப் பைக்கற் தெரியுது.

ஜெயகாந்த்: ...வெட்டி எடுத்தேனே.

அன்ரனிற்றா: பாதிதான் வெட்டுப்பட்டிருக்கு. தாடியில இருந்த பனி?

ஜெயகாந்த்: தேங்காய் எண்ணெய்.

அன்ரனிற்றா: என்ன?

ஜெயகாந்த்: நிருபமா தலைக்குத் தேய்க்கறது. தாடியில நல்லா அப்பிக்கிட்டு பால்கனியில பத்து நிமிஷம் நின்னா, வெள்ளை வெளேர்னு உறைஞ்சுடும். கெமிக்கல் எதுவும் கிடையாது.

அன்ரனிற்றா: சிரிக்கேல்லை அண்ணா... இருமல். ஊவேன்ர இருமல் எனக்கும் தொத்திட்டுது. வெட்டாத முழுப் படம் கையில இருக்கோ? முற்றம் தெரியவேணும்.

ஜெயகாந்த்: இருக்கு. ஆனா அதை அனுப்பித்தான் ஆகணுமா?

அன்ரனிற்றா: காட்டுங்கோ... குப்பைத் தொட்டி தெரியுது. தொட்டியில வீட்டு நம்பரும் தெரியுது. அருமை. கீழ... இதென்ன, சாரமோ?

ஜெயகாந்த்: லுங்கி. வண்டி மறைச்சதுபோக மிச்சத்தை வெட்டிடலாம்னு...

அன்ரனிற்றா: சாரம், கம்பளிச் சப்பாத்து. மேல ரெண்டாயிரம் பொக்கற் தைச்ச மாதிரி ஒரு ஜாக்கெட். அண்ணா, இந்தப் படம் ஒண்டே காணும், வேற சாட்சி தேவையில்லை. இந்தக் கோலத்தில மைனஸ் பன்னிரண்டில ஒரு மனுஷன் வண்டி ஓடினான் எண்டு எந்தப் பொலிசும் நம்பாது. உங்கட மானத்தை வெட்டி எறிஞ்ச பாதியிலதான் பாஸ்போட் இருக்கு.

ஜெயகாந்த்: இது குரூப்புக்குப் போகாதுல்ல?

அன்ரனிற்றா: பொலிசுக்கு மட்டும்தான். கடைசியா ஒரு கேள்வி. அவங்கள் கேக்கேல்லை, நான் கேக்கிறன். வாழ்க்கையில எப்பவாவது மோட்டச்சைக்கிள் ஓடினனீங்களோ?

ஜெயகாந்த்: பின்னாடி உக்காந்திருக்கேன்.

அன்ரனிற்றா: ஆருக்குப் பின்னால?

ஜெயகாந்த்: நிருபமாவோட தம்பி. திண்டுக்கல் பைபாஸ்ல. கண்ணை மூடிக்கிட்டுத்தான் வந்தேன்.

அன்ரனிற்றா: அப்ப ஏன் அண்ணா இந்தப் புளுகு?

ஜெயகாந்த்: நான் எங்கம்மா புளுகினேன்? முதல்ல பனியில பைக் பக்கத்துல நின்ன ஒரு போட்டோ போட்டேன். அவ்வளவுதான். யாரோ "இந்தக் குளிர்லயா ஓட்டினீங்க"ன்னு கேட்டாங்க. நான் ஒரே ஒரு கட்டைவிரலைத் தூக்கின பொம்மை போட்டேன். அரை மணி நேரத்துல நூத்திப்பத்து பேர் கைதட்டிட்டாங்க. எட்டு வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்து எழுந்திருக்கறதைத் தவிர நான் என்ன பண்ணிருக்கேன் சொல்லுங்க? முதல் தடவையா என்னைப் பாத்து "எப்படிங்க?"ன்னு கேட்டாங்க. நல்லா இருந்துச்சும்மா. பொய் சொல்லலைன்னு சொல்லமாட்டேன். ஆனா ரொம்ப நல்லா இருந்துச்சு.

அன்ரனிற்றா: அது எனக்கு விளங்குது. ஆனால் சனிக்கிழமை... இந்தக் கடிதம் வராட்டில் என்ன செய்திருப்பியள்? ஓடியிருப்பியளோ?

ஜெயகாந்த்: ஊவே பேட்டரி மாட்டித் தரேன்னார். கியர் போடறது எப்படின்னு வீடியோ பாத்து வெச்சிருந்தேன். ஒரு மூணு கிலோமீட்டர் எப்படியாவது போயிட்டு, பஞ்சர்னு நிறுத்திடலாம்னு...

அன்ரனிற்றா: விசரோ உங்களுக்கு? சனிக்கிழமை மைனஸ் பதின்மூண்டாம். றோட்டெல்லாம் ஐஸ். முதன்முதலா ஏறி, பதினொரு காருக்கு முன்னால?

ஜெயகாந்த்: கத்தாதீங்க, பேக்கரியில பாக்கறாங்க... எனக்குத் தெரியாதா? மூணு வாரமா தூக்கமில்ல. கண்ணை மூடினா நான் வழுக்கி விழறேன், பின்னாடி முதல் கார் பிரேக் போடுது, நிக்க மாட்டேங்குது. தினமும் அதே கனவு. பயம்மா. நெஜமாவே செத்துடுவேன்னு பயம்.

அன்ரனிற்றா: வேண்டாம் எண்டு ஒரு சொல் சொல்லியிருக்கலாமே.

ஜெயகாந்த்: எப்படிச் சொல்றது? பேனர் அடிச்சாச்சு. கொடியசைக்க ஆள் ஏற்பாடு பண்ணியாச்சு. இந்த லெட்டர் வந்த அன்னைக்குத்தான் வயிறு நிறையச் சாப்பிட்டேன். பிரிச்சுப் படிச்சதும் புஷ்பா மேடத்துக்கு போன் போட்டேன். "அரசாங்கத் தடை"ன்னு சொன்னதும் அவங்க வாயே திறக்கலை. ஜெர்மன் லெட்டர்னா யாரும் எதிர்க்கேள்வி கேக்கமாட்டாங்க.

அன்ரனிற்றா: வீட்டில நிருபமா அக்கா தடுக்கேல்லையோ?

ஜெயகாந்த்: தடுக்காம? பொங்கல் முடிஞ்சு வீட்டுக்கு வந்ததுல இருந்து அதே பாட்டு. தோசை திருப்பிக்கிட்டே சொல்லுவா, துணி மடிச்சுக்கிட்டே சொல்லுவா. "போகாதீங்க, போகாதீங்க"ன்னு. ரெண்டாவது நாள் எனக்குக் கோவம் வந்துடுச்சு. "ஊரே நம்புது, உனக்கு மட்டும் என்மேல நம்பிக்கை இல்ல"ன்னு கத்திட்டேன். அதோட விட்டுட்டா. மூணு வாரமாச்சு, சனிக்கிழமையைப் பத்தி ஒரு வார்த்தை கேக்கலை. எனக்கே கொஞ்சம் கஷ்டமாத்தான் இருந்துச்சு. புருஷன் செத்தா என்ன, இருந்தா என்னன்னு விட்டுட்டாளோன்னு.

அன்ரனிற்றா: அப்பிடியெல்லாம் நினையாதேங்கோ. இந்தாங்கோ, முழுக்க வாசிச்சுப் பாருங்கோ. "மேற்படி நாளிலோ வேறெந்த நாளிலோ ஜெயகாந்த் எந்த மோட்டார் சைக்கிளையும் எந்த வீதியிலும் ஓட்டியதில்லை. படம் எடுத்து முடிந்ததும் வண்டி மீண்டும் கீழே இறக்கப்பட்டது."

ஜெயகாந்த்: "ஓட்டியதில்லை"... படிக்கவே ஒரு மாதிரி இருக்கு. வேங்கையைத் தோலுரிச்சு ஆணியில மாட்டிட்டீங்க.

அன்ரனிற்றா: உண்மைதானே?

ஜெயகாந்த்: உண்மைதான். அதான் வலிக்குது. குடுங்க பேனாவை... போட்டாச்சு. இதோட முடிஞ்சுடும்ல?

அன்ரனிற்றா: படத்தோட அனுப்பினால் முடிஞ்சிடும் எண்டுதான் நினைக்கிறன். இண்டைக்குப் பின்னேரம் ஜெர்மனில அடிச்சு அனுப்பிவிடுறன். அதிலயும் ஒரு கையெழுத்துப் போட்டு உடனே தபாலில போடுங்கோ.

ஜெயகாந்த்: சரி. இப்போ அந்த நவநீத் கணக்கைத் தீக்கறேன். இதைப் படிங்க, குரூப்புக்குப் போடறதுக்கு டைப் பண்ணி வெச்சிருக்கேன். "ஒரு தமிழனின் சாதனைப் பயணத்தைப் பொறுக்க முடியாமல், நம்மோடு உட்கார்ந்து பொங்கல் சாப்பிட்ட ஒருவரே போலீசில் காட்டிக்கொடுத்திருக்கிறார். அவர் பெயர் நவநீத்."

அன்ரனிற்றா: அதை அனுப்பாதேங்கோ.

ஜெயகாந்த்: ஏன்? அவனேதான். க்ளவுஸ்ல விலைச் சீட்டைப் பாத்த கண்ணு நம்பர் பிளேட்டைப் பாத்திருக்காதா?

அன்ரனிற்றா: அந்த மனுஷன் இல்லை அண்ணா.

ஜெயகாந்த்: லெட்டர்ல பேர் இல்லையே. உங்களுக்கு எப்படித் தெரியும்?

அன்ரனிற்றா: முதல்ல போனைக் கீழ வையுங்கோ, சொல்லுறன்.

ஜெயகாந்த்: அன்ரனிற்றா... நீங்களா?

அன்ரனிற்றா: இல்லை. நான் ஜெர்மன் பிழையள் மட்டும்தான் திருத்தினனான்.

ஜெயகாந்த்: யாரோட பிழையை?

அன்ரனிற்றா: நிருபமா அக்கான்ர. நீங்கள் கத்தின அண்டைக்கே என்னட்டை ஓடி வந்தவ. "நான் சொன்னா கேக்க மாட்டார், ஜெர்மன்ல ஒரு லெட்டர் வந்தாத்தான் நிப்பாட்டுவார்" எண்டு சொல்லி அழுதுகொண்டே பொலிசுக்கு எழுதினவ. பாஸ்போட்டுக்கு இடைஞ்சல் வரும் அக்கா எண்டு நானும் சொல்லிப் பாத்தனான். "அது போனாப் போகட்டும், மனுஷன் இருந்தாப் போதும்" எண்டிட்டா.